டிரெய்லருக்குப் பின்னால் மொபெட்

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல பனி. கொட்டகைக் கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தாயிற்று, ஆட்கள் கரும்பில் இறங்கிவிட்டார்கள்.

டிரெய்லரின் பின்விளக்கு இன்றும் எரியவில்லை. டிராக்டரில் சுவிட்சைப் போட்டால் மின்மினி மாதிரி மினுங்குகிறது. பிரேக்கை மிதித்தால் அதுவும் போச்சு. இவர் பல்பு மாற்றினார். பியூஸ் மாற்றினார். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி செருகினார். அதே மினுங்கல். பல்பு விற்ற கடைக்காரனைத் திட்டினார்.

சாயங்காலம் லோடு கிளம்பும்போது, "நீ மொபெட்ட எடுத்துகிட்டு பின்னால வா" என்றார். விளக்கில்லாத டிரெய்லருக்கு இங்கே அதுதான் வழக்கம். ஒரு ஆள் வண்டியில் லோடுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த வண்டியின் சிவப்பு விளக்குதான் டிரெய்லருக்கும் விளக்கு. மற்ற வீடுகளில் மகனோ தம்பியோ போவான். எங்கள் வீட்டில் இவர் தம்பி குமரேசன் இருந்திருந்தால் அவன் போயிருப்பான். இப்போது நான்.

ஆலை வரை போய் வந்தேன். கண்ணெல்லாம் கரும்புச் சோகைத் தூசி.

வாங்க: இன்சுலேஷன் டேப், துவரம்பருப்பு, அத்தைக்கு மூட்டுவலித் தைலம்.

பிப்ரவரி 4, புதன்

வெயில். இடுப்பு வலி.

மினுங்கல் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். தீபாவளி கழிந்து குமரேசன் போனான். சேலத்திலிருந்து பைக்கில் வந்தவன், தொப்பூர் கணவாயில் பின்விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதினான். அதன் பிறகு பொங்கலுக்கு இவர் டிரெய்லர் முழுக்க நீலப் பெயிண்ட் அடிக்கவைத்தார். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மஞ்சளில் பெரிதாக "குமரேசன் நினைவாக". கரும்பு ஏற்றும்போது பலகைகளையெல்லாம் கழற்றிவிடுவோம், அந்தச் சட்டம் மட்டும்தான் பின்னால் தெரியும். அதனால் பெயர் அங்கே.

பெயிண்ட் அடித்ததிலிருந்துதான் விளக்கில்லை. இவரிடம் சொன்னேன்.

"பேரு எழுதுனா லைட்டு எரியாதா? உனக்கென்ன கிறுக்கா?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். சாயங்காலம் மறுபடி லோடு, மறுபடி மொபெட்.

பிப்ரவரி 5, வியாழன்

அரூரிலிருந்து வயரிங் பாபுவை நானே போன் போட்டு வரவழைத்தேன். நல்ல பையன், வாய்தான் ஓயாது. பேட்டரியிலிருந்து ஒரு வயரை நீளமாக இழுத்து விளக்கின் தகரத்தில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வயரு, பல்பு எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. கரண்டு திரும்பிப் போவுற எர்த்து கெடைக்கல. தோ இந்த போல்ட்டுலதான் எர்த்து. பெயிண்ட் அடிச்சவரு கழட்டிட்டு, பெயிண்ட் மேலயே திருப்பி மாட்டி வெச்சிருக்காரு. பெயிண்ட் மேல கரண்டு போவுமாங்க? இரும்பு தெரியச் சொரண்டி முடுக்குனா முடிஞ்சிது வேல."

போல்ட் இருப்பது சட்டத்தின் வலது ஓரத்தில். எழுதினதில் கடைசி எழுத்துகள் மேல்.

பாபு பிளேடை எடுத்தான். இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத தொடாத. வேற வழி சொல்லு."

"வேற வழின்னா முழுநீளத்துக்குத் தனியா எர்த்து வயரு இழுக்கோணும்ணா. ரெண்டு நாளு வண்டிய வுடுங்க."

வெட்டின கரும்பு வெயிலில் கிடக்கிறது. ரெண்டு நாள் எங்கே விடுவது?

"வெட்டு முடியட்டும், பாத்துக்கலாம். அதான் இவ வர்றா இல்ல."

பாபு என்னைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு டீ கொடுத்து அனுப்பினேன். இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாக உயிரோடு நடமாடுகிறவளைவிட எழுதின எழுத்து ஒசத்தியாகப் போயிற்று.

பிப்ரவரி 6, வெள்ளி

பஸ். ஏரிக்கரை வளைவில். இருட்டும் நேரம், எதிரே லாரி. பின்னால் வந்த பஸ்ஸுக்கு நான் தெரிந்தேனோ இல்லையோ, ஹாரன் அலற என்னை உரசிக்கொண்டு போயிற்று. வலது கண்ணாடி காணோம். புளியமரத்தடி மண்ணில் மொபெட்டோடு விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

டீக்கடை ஆள் ஓடி வந்து தூக்கிவிட்டார். "ஏம்மா, பொம்பளைய பின்னால வுட்டுட்டா வண்டி ஓட்டறாங்க?"

இவருக்கு டிராக்டர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆலை வாசலில்தான் முழங்கையைப் பார்த்தார். "மெதுவா வர்றதுதான?"

சாக எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 7, சனி

சுரண்டிவிட்டேன்.

இவர் ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தார். ஸ்பேனர், ஆக்ஸா பிளேடு. போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். 'வாக' என்ற எழுத்துகள் பாதி போயின. வயரை வைத்து இறுக்கி முடுக்கினேன். சுவிட்சைப் போட்டுப் பின்னால் ஓடி வந்து பார்த்தால், இரண்டு பக்கமும் சிவப்பு. குமரேசன் இருந்திருந்தால் அவனே முதலில் சுரண்டியிருப்பான். "என்னா அண்ணி, எம் பேரா லைட்டு போடும்?" என்று சிரிப்பான்.

இவர் வந்தார், பார்த்தார். தனியாக லோடு கொண்டுபோனார். நான் நாலு நாள் கழித்துச் சாயங்காலம் வீட்டில் இருந்தேன். ரசம் வைத்தேன். துணி மடித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தை பார்த்துவிட்டார். சட்டத்தைத் தடவித் தடவி அழுகை.

"எம் புள்ளயத்தான் ரோட்டுல போட்டுட்டன். அவம் பேரயுமா சொரண்டிப்புட்ட?"

பெற்றவளிடம் எர்த்தைப் பற்றி என்ன சொல்ல? அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கையைத் தட்டிவிட்டார்.

இவர் பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

பிப்ரவரி 9, திங்கள்

கடைத்தெருவிலிருந்து கொண்டுவந்தது சின்ன டப்பாவில் மஞ்சள், சின்ன டப்பாவில் நீலம். காலையிலேயே போல்ட்டைக் கழற்றினார். நீலம் அடித்துக் காயவிட்டார். பிறகு மஞ்சள். எழுத்து அழகாகத்தான் வந்திருக்கிறது. மத்தியானம் அதன் மேலேயே போல்ட்டை முடுக்கினார்.

"பாபு சொன்னது நெனப்பு இருக்குதுங்களா?"

"இருக்குது."

சாயங்காலம் லோடு ஏற்றினார்கள். விளக்கு மினுங்கிற்று. மொபெட் சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. மாடத்தில் வைத்துவிட்டு டிராக்டரில் ஏறினார். நான் வர மாட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். கிளம்பிவிட்டார்.

அடுப்படிக்குப் போனேன். சேலத்திலிருந்து எவனாவது பைக்கில் வந்துகொண்டிருப்பான். இருட்டில் இந்தக் கரும்பு அவன் கண்ணுக்குத் தெரியுமா? குமரேசன் கண்ணுக்கு அந்த லாரி தெரிந்ததா? சாவியை எடுத்தேன்.

ஏரிக்கரைக்கு முன்னால் எட்டிப் பிடித்துவிடலாம் என்று விரட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை. ஊர் எல்லை தாண்டினதும் ஓரமாக டிராக்டரை நிறுத்திவிட்டு, சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வெளிச்சம் தெரிந்ததும் கியர் போட்டுக் கிளம்பினார்.