பூனைக்கு ஒரு அக்கினிச் சட்டி

அன்பு மகள் இசைவாணிக்கு உன் அம்மா பாண்டிலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அப்பாவும் சுகம், அங்கு நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன், உள்ளதைச் சொன்னால் உன் அப்பாவோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். அந்தப் போன் உன் அப்பாவின் சட்டைப்பையில் அல்லவா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தால் அவர் முகமும் பூனை முகமும்தான் உனக்குத் தெரிகிறது, என் முகத்தைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று நீயே சொல். அடுத்த தெரு மணிமுத்து லீவு முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதுரையில் விமானம் ஏறுகிறான், சனிக்கிழமை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தோடு இதையும் வைத்திருக்கிறேன். சேவை அப்புறம் தின்னலாம், முதலில் இதைப் படி.

விஷயம் சக்கரத்தைப் பற்றித்தான். நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வந்த குட்டி, தன் வாலைத் தானே துரத்தித் தரைச்சக்கரம் மாதிரி சுற்றுகிறது என்று நீ பேர் வைத்தாய். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர் வீட்டில் பூனைக்கு வேறு என்ன பேர் வரும். அது இப்போது சுற்றுவது இருக்கட்டும், எழுந்து நிற்கவே முடியவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் சாக்கை விரித்துப் போட்டிருக்கிறேன், இருப்பதும் போவதும் எல்லாம் அதிலேயே. நாளெல்லாம் உட்கார்ந்து தன்னை நக்கி நக்கிச் சுத்தம் பண்ணுகிற பூனை, இப்போது முடியெல்லாம் சடை பிடித்துக் கிடக்கிறது. வாயில் புண். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறதே தவிர, குடிப்பதில்லை. இதெல்லாம் வீடியோவில் உனக்குத் தெரியாது. நீ வருகிற நேரத்துக்கு உன் அப்பா ஈரத்துணியால் அதன் முகத்தைத் துடைத்து, நல்ல துண்டில் சுற்றி, பெண் பார்க்க வருகிற மாதிரி ஜோடித்து வைத்துவிடுகிறார். நீயும் பார்த்துவிட்டு, நல்லாத்தானேப்பா இருக்கு, விட்றாதீங்கப்பா, இங்க ஒரு வீட்டுப் பூனைக்கு ரெண்டு வருசமா இப்படித்தான் ட்ரிப்ஸ் ஏத்துறாங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். நீ சொல்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் ஓட்டுகிறார்.

ட்ரிப்ஸ் என்றால் இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். உள்ளூர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்தபடி கொசுவலை கட்டுகிற கொக்கியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, நான் பிடித்துக்கொள்ள, அவர் கழுத்துத் தோலை இழுத்து ஊசியைக் குத்துகிறார். கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் பட்டாசு மருந்து வாடை போகக் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறார், பூனை நக்கிவிடுமாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதே கையோடுதான் சோற்றில் உட்காருவார், நான் கத்தாத நாள் உண்டா. போன மாதம் வரைக்கும் ஊசி ஏறும்போது அது கத்தும், என் கையைப் பிறாண்டும், தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது கத்துவதில்லை. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கண்ணை மூடிக்கொள்கிறது. முதல் தடவை அப்படி மூடிக்கொண்ட அன்றைக்குத்தான் எனக்கு மனசு விட்டுப்போனது.

விருதுநகர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆடும் மாடும் நிற்கிற வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உன் அப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா, நல்ல பொறுமைசாலி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், கிட்னி ரெண்டும் போயிருச்சுய்யா, நீங்க ஏத்துற ட்ரிப்ஸ் அதோட ஆயுச நீட்டல, அவஸ்தையத்தான் நீட்டுது, ஒரு ஊசி போட்டா தூங்குற மாதிரி போயிரும், வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க என்று பக்குவமாகச் சொன்னார். உன் அப்பா கையைத் தூக்கி மஞ்சள் காப்பைக் காட்டி, பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருக்கேன் தாயி, காப்புக் கட்டுன கையோட ஒரு உசுரப் போக்கச் சொல்றீகளே என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா என்ன சொல்வார், பொங்கல் முடியட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்தக் காப்புச் சமாச்சாரத்தைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருஷம் அக்கினிச் சட்டி எடுக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது எதற்கு என்று கேட்டேன், எல்லாம் நம்ம பிள்ளைக்குத்தான் என்றார். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டார் போலிருக்கிறது என நினைத்து, நானும் பூரித்துப்போய்த் தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். காப்புக் கட்டினால் வீட்டில் கவுச்சி ஆகாது, உனக்குத் தெரியும். சக்கரம் சாளை மீனைத் தவிர எதையும் மோந்துகூடப் பார்க்காது, நீ அனுப்பிய டப்பா தீனி அலமாரியில் தூங்குகிறது. மீன்காரர் வாசலில் கூவிக்கொண்டு போகிறார், உள்ளே இது தலையைத் தூக்கிப் பார்க்கிறது, உன் அப்பா காதில் விழாத மாதிரி சாமி பாட்டைச் சத்தமாக வைக்கிறார். தயிர்ச்சோற்றைப் பிசைந்து வைத்தால் நாக்கை நீட்டுமா அது. அவர் வேலைக்குப் போன பிறகு கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி, ஒடுங்கிப்போன பழைய சட்டியில் நான்தான் இரண்டு சாளையை வேகவைத்து, முள் எடுத்து, விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டினேன். விரத வீட்டில் மீன் வேகவைத்த பாவம் என்னைச் சேரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கினிச் சட்டி அன்றைக்குக் கோயிலில் கால் வைக்க இடமில்லை. நானும் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் மதினியும் பின்னால் போகிறோம், உன் அப்பா நேரே வெள்ளி உரு விற்கிற கடைக்குப் போய் நிற்கிறார். பூனை உரு இருக்கா என்று கேட்கிறார். கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, கை இருக்கு, கால் இருக்கு, கண்ணு இருக்கு, தொட்டில் இருக்கு, மாடு இருக்கு, தேளுகூட இருக்கு, பூனைக்கு இதுவரைக்கும் யாரும் நேந்துக்கிட்டு வந்ததில்லயே என்கிறார். உன் அப்பா கொஞ்சமும் அசராமல், நாலு காலும் வாலும் இருக்குல்ல, மாட்டையே குடுங்க, ஆத்தாளுக்குத் தெரியும் என்று வாங்கி மடியில் முடிந்துகொண்டார். மதினி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. ஏங்க, பிள்ளைக்குன்னு சொன்னீக என்று கேட்டால், அதுவும் நம்ம பிள்ளைதானே என்கிறார். மாப்பிள்ளைக்கு என்று நான் தெருவெல்லாம் தமுக்கடித்தது என்னாவது. பூனைக்காக விரதம் இருந்து அந்தப் பூனையையே பட்டினி போட்ட மனுஷனை இந்த ஜில்லாவில் நீ பார்த்திருக்கிறாயா. காரியம் முடிந்த பிறகு சட்டி எடுப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், இவர் லோடு வருவதற்கு முன்னாலேயே ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குனி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு, வேப்பிலைக்கு மேல் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆகோ அய்யாகோ என்று கூட்டம் கத்தக் கத்த அவர் போனபோது, குடத்துத் தண்ணீரை அவர் காலில் ஊற்றிக்கொண்டே நானும் கூடப் போனேன். சன்னதியில் அவர் அதைப் பிழைக்க வை என்று கேட்டிருப்பார். நான், தாயே, இன்றைக்கே எடுத்துக்கொள் என்று கேட்டேன். ஒரே வீட்டிலிருந்து போய் இப்படி ஆளுக்கொன்று கேட்டால் அவள்தான் யாருக்கென்று செய்வாள், இரண்டும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொப்புளத்துக்கு எண்ணெய்கூடப் போடாமல் நேரே டிரம் பக்கம் போய் அதன் நெற்றியில் திருநீறு பூசினார். கண்ணில் விழுந்துவிட்டது, அதைத் துடைத்தது நான்.

இப்போது காப்பும் அவிழ்த்தாயிற்று. டாக்டரம்மாவிடம் போவோம் என்றேன். உன்னிடம் கேட்காமல் முடியாது என்கிறார். இசை சொல்லட்டும், அவ பூனை, அவ வாயால சொன்னா திங்கக்கிழமையே தூக்கிட்டுப் போறேன் என்கிறார். சரி, நான் சொல்கிறேனே, பெற்றவள் சொன்னால் ஆகாதா என்றேன். அதற்கு அவர் சொன்னதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதாமல் ஆறவில்லை. என்னைப் பார்த்து, உனக்கு அது எப்பவுமே ஆகாது, சனியன் சனியன்னுதானே கூப்பிடுவ, எப்படா தொலையும்னு இருந்த என்று சொல்லிவிட்டார். ஆமாம், திட்டினேன். பாலில் வாய் வைத்தால் திட்டாமல் ஆரத்தி எடுப்பார்களா. நீ காலேஜ், வேலை, கல்யாணம் என்று போய்விட்டாய், அவர் காலையில் வேன் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். பகலெல்லாம் இந்த வீட்டில் நானும் அதுவும்தான். எனக்கு வாயென்று ஒன்று இருப்பதே அதைத் திட்டித்தான் ஞாபகம் இருந்தது. கொஞ்சினவர்கள் சொல் சபை ஏறுகிறது, திட்டிக்கொண்டே சோறு வைத்தவள் சொல் ஏறவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம் இசைவாணி.

குருவம்மாள் மதினி வேறு, பூனையக் கொன்னா ஏழு சென்மத்துக்கும் விடாது, தங்கத்துல பூனை செஞ்சு குடுத்தாலும் தீராது என்று இவர் காதில் ஓதிவிட்டுப் போயிருக்கிறாள். கொல்வது வேறு, கிடந்து துடிக்கிறதை விட்டுவிடுவது வேறு என்று நான் சொன்னால் எடுபடவில்லை. பாவம் என்று ஒன்று இருந்தால் டாக்டரம்மா அந்த ஊசியைப் போடும்போது அதைப் பிடித்துக்கொள்கிற கைக்குத்தானே வரும். அந்தக் கை என் கைதான். உன் அப்பாவால் முடியாது, வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கட்டும். உன்னை நான் பாவத்துக்குக் கூட்டுச் சேர்க்கவில்லை, ஒரு வார்த்தைதான் கேட்கிறேன். இனி போதும்ப்பா, விட்ருங்க என்று நீ சொல்ல வேண்டும். யோசிச்சுச் சொல்றேன் என்று சொன்னால் அவர் அதையும் இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்வார், அந்த வாரம் முழுக்க அது ஊசி வாங்கும். உன் இஷ்டம்ப்பா என்றும் சொல்லிவிடாதே, அந்த வார்த்தையைப் போலக் கை கழுவுகிற வார்த்தை வேறு இல்லை.

மாப்பிள்ளைக்குச் சளி என்றாயே, ஏ.சி.யை நேராகத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது என்று சொல். நீயும் காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. இருவரும் நோய்நொடியில்லாமல், நினைத்தது கைகூடி, பதினாறும் பெற்று வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. போன் எடுத்ததும் அவர் கேமராவைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிற சக்கரத்தின் பக்கம் திருப்புவார். நீ அதைப் பார்த்தால் உனக்கு நாக்கு எழாது, அவர் முகத்தைக் காட்டச் சொல்லி, அவரைப் பார்த்தே சொல். சொன்ன கையோடு போனை வைத்துவிடாதே. அவர் அழுவார், அழுது முடிகிற வரைக்கும் நீ அப்படியே இரு. என் முன்னால் அவருக்கு அழ வராது.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கச்சாமி பாண்டிலட்சுமி,
ஆமத்தூர்.