பள்ளிக்குப் பக்கத்து வீடு

பிரிஸ்டல், ஏப்ரல் 16

அன்புள்ளவளே,

நம் பெண் ஹேசலுக்கு நாம் ஆசைப்பட்ட தொடக்கப்பள்ளியிலேயே இடம் கிடைத்துவிட்டது. இன்று காலை தகவல் வந்தது.

பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கே இடம் என்பதால், பள்ளிக்குப் பக்கத்தில் முகவரி வேண்டும் என்றுதான் இந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். நாம் பிரிந்துவிட்டதாகவும் பிள்ளை என்னோடு இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தோம். அவளிடம் இது ஒரு விளையாட்டு என்றோம். அது உண்மையா என்று விசாரிக்க வந்த நகரக் கவுன்சில் அதிகாரியின் முன்னால் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அதிகாரியம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுந்துபோனார். அன்று போனில் உன்னிடம், "உன் பொண்ணு பிரமாதமா நடிச்சா" என்று சிரித்தேன்.

இன்று கேக் வாங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கேக்கைத் தொடவில்லை.

"அப்பா, அந்த ஸ்கூல் வேணாம்னு சொல்லிட்டா அம்மா நம்மகூட வந்துடுவாங்களா?"

"அசடு, அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுடா."

"அப்ப அம்மா ஏன் மேலயே வர மாட்டேங்கறாங்க?"

அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று நீ சனிக்கிழமைதோறும் தெருமுனையில் காரிலேயே காத்திருப்பதை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பொம்மைகளை இரண்டு பைகளில் பிரித்து வைத்திருக்கிறாள், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

சனிக்கிழமை காரை வாசலிலேயே நிறுத்து. யார் பார்த்தாலும் பார்க்கட்டும், இடம் போனாலும் போகட்டும். படியேறி மேலே வா.

உன் வீட்டுக்காரன்