பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, அப்பா

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டது. வருகிறவர்களை எல்லாம் மொட்டை மாடிக்கு இழுத்துப் போய், "லேக் வியூ சார், சும்மாவா?" என்று பெருமையடிக்கத்தான் ஆளில்லை. அம்மா மாடிக்கே போவதில்லை. துணி காயப் போடுவதும் நான்தான்.

உங்கள் ஆபீஸ் பணம் வந்துவிட்டது. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து மொத்தமாக அம்மாவின் கணக்கில் விழுந்தது. மெசேஜைப் படித்துவிட்டு அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். "இதுக்காடி இத்தன வருஷம் கிண்டிக்கு ட்ரெயின்ல தொங்கிட்டுப் போனாரு?" என்று கேட்டாள்.

வீட்டுக் கடனில் பாக்கி இருந்ததும் வந்த பணமும் ஏறக்குறைய சரியாக இருந்தன. கட்டிவிட்டால் வீட்டுப் பத்திரம் கைக்கு வந்துவிடும். அதற்காகப் பூஜை அலமாரியின் மேல்தட்டில் நீங்கள் மஞ்சள் துணி விரித்து வைத்த இடம் அப்படியே இருக்கிறது. கடனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னபோது, "நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்?" என்று வேண்டாமென்றீர்களாம். பேங்கிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அம்மா சொன்னாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

உங்கள் மேல் கொஞ்சம் கோபித்துக்கொள்ளவா? ஊரில் எல்லோரும் மற்ற கடனை அடைக்க வீட்டை அடகு வைப்பார்கள். நீங்கள் வீட்டுக் கடனை அடைக்க மற்றதை எல்லாம் அடகு வைத்தீர்கள். போனஸ் வந்தால் பேங்குக்கு. சீட்டைத் தள்ளி எடுத்தால் அதுவும் பேங்குக்கு. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனதும், ஆபீஸ் நண்பர் சேகர் மாமாவிடம் வாங்கியதும் அதற்குத்தான். குறைந்த வட்டிக் கடனை அடைக்க அதிக வட்டிக்குக் கடன் வாங்கிய மனிதர் தாம்பரத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். அசல் குறைந்த அன்றெல்லாம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மிக்சர் வாங்கிக்கொண்டு வருவீர்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினால், "அதெல்லாம் கடன் இல்லம்மா, கைமாத்து. நம்ம பத்திரம் அடுத்தவன்கிட்ட இருக்கு பாரு, அதுதான் கடன்" என்பீர்கள். அதற்கு மேல் உங்களிடம் யார் பேசுவது?

அந்தக் கைமாற்றில்தான் கீழ்க்கட்டளை அத்தையின் ஆரமும் இருந்தது. தாத்தா அவளுக்குக் கல்யாணத்தில் போட்டது. மூன்று மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று வாங்கினீர்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. உங்கள் தங்கை ஒரு நாள் கேட்டதில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றும், தெருமுனை வரை அழுதுகொண்டே வந்தவள், அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பணம் வந்த வாரமே அத்தை தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். துக்க வீட்டுக்குள் தட்டோடு வரலாமா என்று வாசலிலேயே தயங்கி நின்றாள். அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் முதல் பத்திரிகையை வைத்துவிட்டு அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கழுத்தில் கவரிங் சங்கிலி. வேர்வையில் கழுத்தோரம் பச்சையாகக் கறை படிந்திருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

அதுவரை அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், அவர் ஆசைப்பட்டது பத்திரம், அது முதலில் வரட்டும் என்று. வட்டிக் கணக்கு தெரிந்த நானும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் அந்த மஞ்சள் துணி மேல் அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அத்தை போன பிறகு அம்மா அலமாரி முன்னால் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்:

"பத்திரம் பேங்க்ல பத்திரமாத்தான் இருக்கு. மாசா மாசம் கட்டுனா எப்பவோ வந்துடும். அவ கழுத்து இப்படி இருக்க, நாம பத்திரத்த வாங்கி வெச்சுக் கும்பிட்டா, உங்கப்பாவுக்குப் பொறுக்குமாடி?"

மறுநாளே முடிச்சூர் ரோடு அடகுக் கடைக்குப் போனோம். ஆரத்தையும் வளையலையும் மீட்டோம். சீட்டுப் பாக்கி, உங்கள் கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் முடிந்தது. சேகர் மாமா வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். அம்மா விடவில்லை. மிச்சமிருந்த கொஞ்சத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தனியாகப் போட்டுவிட்டாள். வீட்டுக் கடனுக்கு ஒரு பைசா போகவில்லை. உங்களுக்கு வருத்தமா, அப்பா?

ஆரத்தைக் கையில் கொடுத்ததும் அத்தை அதைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அம்மாவைத்தான் பார்த்தாள். "அப்போ அண்ணனோட பத்திரம்?" என்றாள். அம்மா அவள் கழுத்திலிருந்து கவரிங்கைக் கழற்றிவிட்டு ஆரத்தைப் போட்டுவிட்டாள். கல்யாணத்தில் அத்தை அதோடு மணமேடையில் நின்றாள். வர மாட்டேன் என்ற அம்மாவையும் பிடிவாதமாகக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இஎம்ஐ என் சம்பளத்தில் போகிறது. காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீஸில் எனக்கு என்ன கொட்டியா கொடுக்கிறார்கள்? ஆனாலும் சமாளிக்கிறேன். ஒவ்வொரு மாதமும் பணம் பிடித்த மெசேஜ் வந்ததும், அசல் எவ்வளவு குறைந்தது என்று உங்கள் படத்தின் முன்னால் நின்று சொல்கிறேன். ஆனால் மிக்சர் வாங்கத் தோன்றவில்லை. அந்தக் கடைப் பக்கமே நான் போவதில்லை.

பத்திரத்தை நான் கொண்டு வருவேன், அப்பா. மஞ்சள் துணியை மாதாமாதம் துவைத்து விரிக்கிறேன். யாரிடமும் கைமாற்று வாங்காமல், யார் கழுத்தையும் காலியாக்காமல் கொண்டு வந்து வைப்பேன். அன்றைக்குக் கட்டாயம் அந்தக் கடைக்குப் போவேன். மிக்சரை மூன்று தட்டில் போட்டு, ஒன்றை உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன்.

உங்கள் கைமாற்றை எல்லாம் கடன் என்றே சொல்லிக்கொண்டிருந்த உங்கள் மகள்,
கவிதா