வானொலியில் உன் செல்லப்பெயர்

என் தங்கமே,

உன் புருஷன் மணிலாவில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்ததை, வேலைக்குப் போன ஹாங்காங்கிலிருந்து என்னிடம் மட்டும்தான் சொன்னாய். நான் அதை வானொலி நாடகத்துக்கு எழுதி அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள் என்றதும், ஐந்தாவது படித்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் ஞானஸ்நானப் பெயரை மாற்றித்தான் எழுதினேன். வீட்டில் கூப்பிடும் பெயர் அப்படியே விழுந்துவிட்டது. தெருவுக்கு அது ஒன்றுதானே தெரியும். நாடகத்தில் புருஷன் "பெபாங்!" என்று கூப்பிட, நடிகை கதறியதும் எதிர்வீட்டு சாயோங் எட்டிப்பார்த்தாள்.

"ஏக்கா, இது நம்ம பெபாங் கதையில்ல? உன் பொண்ணவிட அந்த நடிகை நல்லா அழுவுறா!"

நானும் சிரித்துத் தொலைத்தேன்.

உன் மகள் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பா போனத எனக்கு ரேடியோதான் சொல்லணுமா லோலா?" என்று இந்தப் பாட்டியைக் கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன் என்கிறாயாம். என்னைத் திட்டுவதற்காவது வா. அவளுக்கு மிச்சத்தை நீ சொல்ல வேண்டும்.

உன் அம்மா