இவருடைய வயிறும் ஏழு வியாழக்கிழமைகளும்

ஐப்பசி 5, வெள்ளி

விடியும் முன்பே மழை. துணி எதுவும் காயவில்லை. இவர் வயிறு மறுபடி உப்பல். தட்டினால் மத்தளம்.

கா. 7: வடிகட்டிய கஞ்சி 100 மி.லி. பாதி வாந்தி.
9.30: முட்டை வெள்ளைக்கரு. தொடவில்லை.
12: குழைத்த சாதம், வேகவைத்த மீன் சதை. மூன்று வாய்.
3, 5.30, 8: இல்லை, இல்லை, இல்லை.

ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஆறு கோடு. நாலு காலி (வாந்தி எடுத்ததையும் சேர்த்தால் நாலரை).

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி இப்படி ஆனபோது பக்கத்து வீட்டு பெங்காலி தீதி கொடுத்த மீன் ரசத்தின் மேல் பழி போட்டேன். தீதி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வெள்ளி பால். நிறுத்தினேன். இந்த வாரம் ரசமும் இல்லை, பாலும் இல்லை. பிறகு எதுதான்?

ஐப்பசி 6, சனி

தீவுகளின் வடகோடி திக்லிபூரிலிருந்து நாத்தனார் பஸ்ஸில் மூட்டை அனுப்பியிருக்கிறாள். மழையில் ஸ்டாண்டில் நின்று வாங்கினேன். பிரித்தால் வாழைத்தண்டு மூன்று, முருங்கைக்கீரை ஒரு கட்டு.

நார் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது. குடலில் அடைப்பு இல்லை, அசைவதுதான் மந்தம். நார் உள்ளே போனால் நகராமல் கிடந்து காற்றாகும். டாக்டரம்மா சொன்னதை அப்படியே போனில் ஒப்பித்தேன்.

"மதினி, கஞ்சித்தண்ணிய ஊத்தி ஊத்தியே எங்கண்ணன பாதி ஆளாக்கிட்டீங்க. தண்டு வயித்தச் சுத்தம் பண்ணும்ல."

"நீ வந்து ஒரு வாரம் இருந்து சுத்தம் பண்ணிட்டுப் போ" என்றேன். வைத்துவிட்டாள்.

கீரையை நானே கூட்டு வைத்துச் சாப்பிட்டேன். கோபத்தில் உப்பு கூடிவிட்டது.

ஐப்பசி 8, திங்கள்

ஆஸ்பத்திரி. ஏறின கராச்சர்மா ஸ்டாப்பிலிருந்தே பஸ்ஸில் நின்றுகொண்டு. எடை 43.6. போன மாதம் 45.

டாக்டரம்மா சின்னப் பெண், இந்தியில்தான் பேசுவார். சாப்பாட்டு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அடுத்த திங்கள் மறுபடி எடை. 43க்குக் கீழே போனால் இங்கே வைத்துப் பார்க்க முடியாதாம். கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு எழுதிக் கொடுப்பாராம், மூக்கு வழியாகக் குழாய். வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்றார். ஒரு பருக்கை கூட நோட்டுக்கு வெளியே இல்லை என்றேன், கொஞ்சம் சூடாகவே. இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே பேச்சு. "சென்னை மட்டும் வேண்டாம் வள்ளி."

போன வருடம் அங்கேதான் வயிற்றைத் திறந்து, அடைப்பு இல்லை என்று மூடினார்கள். இரண்டு மாதம் அங்கேயே கிடந்தோம். முருகா.

ஐப்பசி 10, புதன்

வெயில். துணி காய்ந்தது. ஆறு கோட்டில் ஐந்து நிரம்பியது! ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் வராந்தாவில் நடை. முனகிக்கொண்டேதான்.

மொறுமொறுவென்று ஏதாவது வேண்டுமாம், தோசை ஓரமாவது. தரவில்லை. ஜெயில் சூப்ரண்டு என்றார் என்னை. ஜெயிலுக்குப் பேர்போன இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்ல வேறு பட்டமா கிடைக்காது.

கடலை ஊறப் போட்டாயிற்று.

ஐப்பசி 11, வியாழன்

ஏழாவது வாரம். இவர் குடல் சரியாக வேண்டும் என்று குரு பகவானுக்குப் பதினோரு வியாழன் கொண்டைக்கடலைச் சுண்டல். கடலை வேகும் நேரம் பார்த்து சிலிண்டர் தீர்ந்தது. தீதியிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. பேசாமல் அடுப்பைக் காட்டினாள்.

கோயிலில் கூட்டம். காண்டிராக்டர் வீட்டம்மா மூன்று தடவை கை நீட்டினார். வேண்டுதல் இவர் பேரில், அதனால் எப்போதும் போல முதல் பிடி இவர் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

நோட்டின் பின்னட்டையில் ஏழாவது டிக். இன்னும் நாலு.

ஐப்பசி 12, வெள்ளி

மத்தளம். கா. 7 முதல் ராத்திரி 8 வரை காலி. திங்களுக்கு மூன்று நாள்.

மத்தியானம் ஆத்திரத்தில் நோட்டை வீசினேன். குப்புற விழுந்தது. எடுக்கும்போது பின்னட்டை. ஏழு டிக். முன்னால் புரட்டிப் பார்த்தேன். டிக் விழுந்த ஒவ்வொரு வியாழனுக்கும் மறுநாள் பெரும்பாலும் காலி. சனி அரைகுறை. திங்களில்தான் எழுந்து உட்காருகிறார்.

கொண்டைக்கடலை. தோலோடு. நாத்தனாரின் தண்டுக்கு அத்தனை பாடம் எடுத்தவள் நான். பிரசாதத்தை யார் சாப்பாட்டில் எழுதுவார்கள்? நான் எழுதவில்லை.

இவரிடம் சொன்னேன். ஆச்சரியமே படவில்லை.

"மூணாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா தின்னீங்க?"

"நீ சாமி பேரச் சொல்லி கையில வைக்கிற. எப்படி வேண்டாங்கிறது?"

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும்.

ஐப்பசி 13, சனி

குருக்களிடம் கேட்டேன், நேர்ந்ததை நடுவில் நிறுத்தினால் குற்றமா என்று.

"சுண்டல்தான் வேணும்னு குரு பகவான் கேட்டாராம்மா? ஊறின கடலைய மாலையா கோத்துப் போடுங்கோ. அவருக்கு அதுதான் விசேஷம்."

இதை ஏழு வாரம் முன்னால் சொல்ல குருக்களுக்கு வாய் இல்லை. ஞாபகமாக ஒவ்வொரு வாரமும் தொன்னை நிறைய வாங்கிக்கொண்டார்.

தீதியிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீக் ஹே பாபி" என்றாள், பரவாயில்லை அண்ணி என்று. ரசம் வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஐப்பசி 15, திங்கள்

எடை மிஷினில் ஏறுமுன் இவர் பாக்கெட்டைத் தடவினேன். சாவிக்கொத்து, பேட்டரி, ஒரு ஸ்பானர். ஸ்பானர்! எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். முறைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

43.1.

டாக்டரம்மாவிடம் கடலை விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு வாரம் தவணை. எழுதி வைக்கச் சொன்னார், சாமி கொடுப்பதையும்.

ஐப்பசி 18, வியாழன்

எட்டாவது வாரம். 108 கடலை, ஊசி நூல். ஐம்பதுக்கு மேல் என் கண் தெரியவில்லை. மீதியை இவர் கோத்தார். எண்ணிக்கையில் இரண்டு குறைந்தது. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் கிடந்தது இரண்டும்.

6.15: பிரசாதம். விபூதி மட்டும்.

ஐப்பசி 19, வெள்ளி

மழை. வயிறு மெத்தென்று இருக்கிறது. மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன், கூசுகிறது என்கிறார்.

கா. 7: கஞ்சி 120 மி.லி. மீதி இல்லை. இன்னொரு கரண்டி கேட்டார். 9.30க்குத்தான் என்றேன்.