சாவி ஆணியில், கார் தென்காசியில்

அத்தான்,

சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் கார் சாவி தொங்குகிறது. வாசலில் கார் இல்லை. விளக்கேற்றப் போனபோது சாவியிலிருந்து பெயிண்ட் வாசனை வந்தது. நேற்று உங்கள் மகன் நம்பர் பலகைக்குப் புதுக் கறுப்பு அடித்தான். அந்தக் கையோடு சாவியையும் தொட்டிருப்பான். வாடகைக் காருக்கு வருஷா வருஷம் வருகிற பரிசோதனைக்காக, இன்று காலை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டக் காரைத் தென்காசிக்குக் கொண்டு போனவன், மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

"ஹேண்ட் பிரேக்கு நிக்கலைன்னு ஃபெயிலாக்கிட்டாரு சித்தி. வண்டியை ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டு வாரேன்."

சாவியை மாட்டினான். உங்களையே உரித்து வைத்திருக்கிறான்.

அக்கா விடுவாளா? "சாரல் இப்பத்தான் விழ ஆரம்பிச்சிருக்கு. அருவிக்கு ஜனம் வந்து குவியுது. பழைய சர்டிபிகேட்டு மாசக் கடைசி வரைக்கும் இருக்குல்லா? ஓட்டிட்டு வந்தா என்னலே?" என்று பிடித்துக்கொண்டாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போய்விட்டான். அக்கா துணைக்கு என்னைப் பார்த்தாள். எனக்கோ, ஜட்கா வண்டியின் முன்பலகையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த கோலம்தான் கண்ணில் நின்றது.

கோமதியைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்த நாள் அது. அவள் உங்கள் மகள்தான். ஆனால் அக்காவைவிட நான்தான் அவளை அதிகம் இடுப்பில் சுமந்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப் போயிருந்தது. பிள்ளை வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டாள், தட்டில் சோறு மட்டும் அப்படியே இருக்கும். இந்த இடத்துக்குத் தரகர், "சொந்தக் கார் வச்சிருக்கிற வீடு" என்று சொல்லித்தான் பேச்சையே எடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சாயங்கால ரயிலில் வருகிறார்கள். நீங்களே காரோடு ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வர வேண்டியது. காருக்குப் பரிசோதனையும் அதே நாள் காலையில் வந்து வாய்த்தது.

அப்போது குற்றாலத்து வாடகைக் கார்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்குப் போகிற அன்று விடியும்போதே காரை ஆற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அருவியிலிருந்து வருகிற தண்ணீரில் சக்கரம் பாதி முங்க நிறுத்தி, ஆளும் காரும் சேர்ந்தே குளிப்பார்கள். குற்றாலநாதர் தீர்த்தத்தில் முங்கி எழுந்த வண்டியை எந்த இன்ஸ்பெக்டரும் குறை சொல்லமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நீங்கள் கழுவிக் கரையேற்றியதும் நான் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பூவும் பலகாரமும் வாங்கி வரலாமென்று பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சாரல் நம்மோடேயே வந்தது.

தென்காசி மைதானத்தில் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். விளக்கைப் பார்த்தார், ஹாரனை அழுத்தினார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவரே ஏறி உட்கார்ந்து ஓட்டிப் போய் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. சந்தனமும் குங்குமமுமாகச் சறுக்கிக்கொண்டே போய், வேப்பமரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் மனசில்லாமல் நின்றது. அந்த மரத்தடியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். "குழல்வாய்மொழித் தாயே!" என்று நம் ஊர் அம்மனைக் கூப்பிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லாரிக்காரர் டீயைக் கொட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். "என்னவே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சுக் கொண்டாந்திருக்கீரு. பிரேக்கு எங்கவே?"

"ஆத்துல கழுவினேன் சார். உள்ள தண்ணி போயிருக்கும். காஞ்சா பிடிச்சிரும்."

"காஞ்ச பெறவு கொண்டாரும். பிடிக்கலைன்னு நான் எழுதியாச்சு. ஒர்க்‌ஷாப்புக்கு வேணா ஓட்டிட்டுப் போம். மறுபடி பாஸாகுற வரைக்கும் ஆள் ஏத்தப்படாது."

அவர் அடுத்த வண்டிக்குப் போனதும் டிரைவர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டார்கள். அங்கேயே ஒரு கோர்ட்டு நடந்தது. "பழைய சர்டிபிகேட்டு இன்னும் உயிரோட இருக்குல்லா அண்ணாச்சி? அதை அவரு பிடுங்கலையே, பெறவென்ன?" என்றார் ஒருவர். "வழியில எவன் மறிக்கப் போறான்? சும்மா ஓட்டும்," என்றார் இன்னொருவர். நீங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தது. மைதானத்து ஓரத்தில் மெதுவாக ஓட்டி நீங்களே மிதித்துப் பார்த்தீர்கள். சொன்ன இடத்தில் கார் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நின்னுட்டுல்லா அத்தான்! தாயி கண்ணைத் திறந்துட்டா. வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"இப்ப நின்னுது. காலையில நிக்கலை. எதனாலன்னு கழட்டிப் பாக்காம எப்படி, ஆவுடை, ஆளை ஏத்த?"

"தண்ணின்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன். பாத்தனா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போயாச்சு. இவுகளையும் குதிரை வண்டியில கூட்டுட்டுப் போனா, இல்லாத காரை இருக்குன்னு சொன்னோம்பாக. கோமதி மூஞ்சியில எப்படி முழிப்பிய?"

உங்கள் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் காரை ஒர்க்‌ஷாப்பில்தான் கொண்டு போய் விட்டீர்கள். மறுநாள்தான் கழற்ற முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சாவியை மடியில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். பூப் பொட்டலமும் பலகாரமுமாக, முணுமுணுத்துக்கொண்டே நான் பின்னால் வந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "என்ன முதலாளி, இன்னைக்கு நம்ம குதிரைக்கு வந்த பவுசைப் பாத்தியளா!"

ரயிலிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளையின் அப்பா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "காருன்னு தரகர் சொன்னாரே?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "கார் இருக்கு. காலையில இன்ஸ்பெக்டர் பிரேக்கு பிடிக்கலைன்னு ஃபெயிலாக்கிட்டாரு. கழட்டிப் பாக்காம உங்களை ஏத்த எனக்கு மனசில்லை."

அவர் வண்டியில் ஏறினார். அவர் மனைவியும் நானும் உள்ளே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நீங்கள் முன்பலகையில். மேலகரம் தாண்டுகிறவரை குதிரையின் குளம்புச் சத்தம்தான். நான் அத்தனை சாமியையும் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ராஜபாளையத்தில் லாரி வைத்திருந்தவர், சட்டம் தெரிந்தவர். மெதுவாக ஆரம்பித்தார். "பழைய சர்டிபிகேட் இருக்குமே?"

"இருக்கு. மாசக் கடைசி வரைக்கும்."

"அப்ப ஓட்டியிருக்கலாமே. அவரு அதை ரத்து பண்ணலைல?"

"ரத்து பண்ணலை. சட்டத்தை எப்படியும் பேசிக்கிடலாம். அவரு மிதிச்சப்ப கார் நிக்கலை. நான் கண்ணால பாத்துட்டேன்லா."

என் பக்கத்தில் இருந்த அம்மாளின் உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம லாரி ஒரு நாளாவது ஃபெயிலாச்சுன்னு நீங்க யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கணவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொந்த வண்டிக் குறையையே ஸ்டேஷன்ல வச்சுச் சொல்ற மனுசன், பொண்ணைப் பத்தி என்னத்தை மறைக்கப் போறாரு? பொண்ணு நல்லா சமைக்குமா?"

"நல்லா…" என்று நான் ஆரம்பித்தேன்.

"ரசம் சுமாராத்தான் வைப்பா," என்று முன்பலகையிலிருந்து நீங்கள்.

பலகாரப் பொட்டலத்தால் உங்கள் முதுகில் ஒரு குத்து விட்டேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் ஜட்காக்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார். கோமதியின் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்ததும் தட்டு மாற்றியதும் பிறகு நடந்தவை. இன்றைக்கும் அந்தச் சம்பந்தியம்மாள் வந்தால், "ரசம் யார் வச்சது?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஆற்றுத் தண்ணீரும் கொஞ்சம் மணலும் மட்டும்தான் இருந்தன. துடைத்து மாட்டினார்கள், கார் பாஸாகிவிட்டது. அதை வைத்து நான் உங்களைச் சும்மா விட்டேனா? "ஒண்ணுமில்லாததுக்குச் சம்பந்தக்காரங்களைக் குதிரை வாலுக்குப் பின்னால உக்கார வச்சியளே!" என்று எத்தனை வருஷம் இடித்துக் காட்டினேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள்.

"ஒண்ணுமில்லைன்னு அப்பம் தெரியாதுல்லா."

அதற்குப் பிறகு பரிசோதனை நாளில் நம் கார் ஆற்றில் இறங்கியதே இல்லை. மற்ற கார்களெல்லாம் பளபளவென்று போக, நம்முடையது மட்டும் சேறும் சகதியுமாகப் போகும். நான் அந்தச் சேற்றின் மேலேயே குங்குமம் வைத்து அனுப்பினேன். சாமிக்குச் சேறு தெரியாதா என்ன? கோமதியும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் மறுவீடு போனார்கள். போன வருஷம் சாரல் முடியும்போது நீங்களும் போய்விட்டீர்கள். காரும் ஸ்டியரிங்கும் பிள்ளை கைக்கு வந்துவிட்டன. வேறென்ன வந்தது என்று இன்று மத்தியானம்தான் பார்த்தேன்.

இன்று விளக்கேற்றி முடிக்கவும் விடுதிக்காரர் வாசலில் வந்து நின்றார். "ஆச்சி, நாளைக்குக் காலையில ஒரு பெரிய குடும்பம் ஐந்தருவிக்குப் போகணும்ங்காக. உங்க காரைத்தான் கேக்காக. இப்ப இல்லைன்னா சீசன் முழுக்க வேற காருக்குப் போயிருவாக, பாத்துக்கிடுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள், வரும் என்று சொல் என்று. அருவியிலிருந்து வந்து முற்றத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த உங்கள் மகன் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் சத்தமாகவே சொன்னேன். "கார் இருக்கு. இன்னைக்கு இன்ஸ்பெக்டர் ஹேண்ட் பிரேக்கு பிடிக்கலைன்னு ஃபெயிலாக்கிட்டாரு. கழட்டிப் பாத்து, பாஸான பெறவுதான் ஆள் ஏத்துவோம். ஜட்கா வேணும்னா சொல்லுங்க, இப்பமே ஆளனுப்புதேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். "ஏட்டி, அந்த மனுசன் போயும் உன் வாயில உக்காந்துல்லா பேசுதாரு!" என்று அக்கா பொரிந்தாள். உங்கள் மகன் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தான்.

நாளைக்குக் காலையில் அவனோடு நானும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன், பஸ்ஸில்தான். குங்குமச் சிமிழை எடுத்து வைத்துவிட்டேன். கழற்றிப் பார்க்கிறவரை அதைத் திறக்கமாட்டேன்.

உங்கள் கொழுந்தியா,
ஆவுடை