நீ தேர்ந்தெடுத்த நாற்காலிகள்

என் விமலாவுக்கு,

நம் ஸ்டாஃப் ரூமில் உன் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. கணக்குக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், சிரிக்கத்தான் மாட்டேன் என்கிறார். இந்தச் சேதியோடு நிறுத்திக்கொள்ள ஆசை. ஆனால் நம் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

புது வீட்டு டைனிங் டேபிளுக்கு நாற்காலி எடுக்க, கண்ணமங்கலம் வழியாக நாம் வேலூர் போனோமே. அன்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினாய். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, முழங்கை மேசைக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்தாய். நான் வெல்வெட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"சாம்பார் சிந்துற வீட்ல வெல்வெட்டாடி? ஜிப் வெச்ச உறையா பாரு. கழட்டித் தோச்சிக்கலாம்" என்றாய்.

வெள்ளைச் சுவர், தேக்கு நிற மேசை. அதற்கு மயில் நீலம்தான் எடுப்பாக இருக்கும் என்று முடிவு செய்தது நீ. முதுகு உயர்ந்தால் ஹால் அடைத்துப்போகும் என்று தாழ்ந்த முதுகாகப் பார்த்து எடுத்தாய். வந்து இறங்கியதும் என் வீட்டுக்காரரே அசந்துபோனார். பட்டு வியாபாரி அல்லவா, நிறம் தெரிந்தவர். "உன் ஃபிரெண்டுக்கு நல்ல டேஸ்ட்" என்றார். கிரகப்பிரவேசத்தன்று நீ அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை வெம்பாக்கத்திலிருந்து உன் அம்மாவும் தம்பியும் வந்தார்கள், உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு அழைக்க. சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று டேபிளில் உட்கார வைத்துவிட்டு நான் அடுப்பங்கரைக்குப் போனேன்.

சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பினால், அவர்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார்கள். கார் ஷெட்டில் கிடந்தவை. நீல நாற்காலிகள் இரண்டும் சுவரோரம் நகர்ந்திருந்தன.

"இது எதுக்குங்க?" என்றேன்.

இவர் சிரித்தார். "குஷன்லாம் அவங்களுக்குப் பழக்கம் இருக்காது. இதுல ஃப்ரீயா உக்காருவாங்க."

உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். உன் அம்மா மெல்ல எழுந்தார். "எங்க வூட்லயும் குஷன் சேர் இருக்குதுங்க. விமலா வாங்கிப் போட்டது. நீங்க வந்தா அதுலதான் உக்கார வெப்போம்" என்றார். குரலில் கோபமே இல்லை. என் கையைப் பிடித்து, "பஸ்ஸுக்கு நேரமாவுது கண்ணு" என்றார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர்களைத் தெருமுனை வரை விட்டுவிட்டு வந்தேன். இவர் அந்த இரண்டு நாற்காலிகளின் உறையை மட்டும் கழற்றி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சுத்தத்துக்குத்தான். பேஜார் பண்ணாத."

"எங்க பெரியப்பா பேரனுங்க பாயசத்தக் கொட்டுனப்போ தோச்சீங்களா?"

இவர் மெஷின் மூடியைத் திறந்தார்.

"விமலா உக்காந்தப்போ?"

"அன்னிக்கே தோச்சிட்டேன். உனுக்குக் கஷ்டமாவுமேன்னு சொல்லல."

என் மனசு நோகக்கூடாதாம்! குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன் விமலா. உன் ரசனையைப் புகழ்ந்த அதே வாய். நீ ஊட்டியில் வாங்கிவந்த சாக்லேட்டைச் சப்புக்கொட்டித் தின்ற வாய். நீ எழுந்து போனதும் நாற்காலியில் இருந்த உன் சூட்டைக் கழுவித் தள்ளியிருக்கிறது அந்தக் கை. அந்தக் கையிலிருந்தா இத்தனை வருஷம் காபி டம்ளரை வாங்கினேன்?

அதன் பிறகு நீ எத்தனையோ முறை வீட்டுக்கு வந்தாய். ஒருமுறைகூட அந்த டேபிளில் உட்காரவில்லை. சமையலறையில் நின்றபடியே டீ குடிப்பாய். "உக்காருடி" என்றால், "ஸ்கூட்டில உக்காந்துகினே வந்தேன், முதுகு வலிக்குது" என்று சிரிப்பாய். உனக்குத் தெரியுமா? அவர் முகத்தில் எதையாவது பார்த்தாயா? பார்த்துவிட்டுத்தான் எனக்காகச் சிரித்தாயா?

உன் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று இவரிடம் சொன்னேன். "நான் என்ன கெட்ட வார்த்தையா பேசிட்டேன்?" என்கிறார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. இப்போது நானும் மகளும் சமையலறையில் சாப்பிடுகிறோம். அவர் அந்த டேபிளில் தனியாகச் சாப்பிடுகிறார்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். பேச வாயெடுத்ததும் அழுகைதான் வந்தது. "நீ ஏம்மா அழுவுற? பண்ணவரு வந்து சொல்லட்டும். நீ சாப்டு" என்று உன் அம்மா தட்டு வைத்தார். கருவாட்டுக் குழம்பு. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குழம்பு ஊற்றும்போது கரண்டி தட்டுக்கு வெளியே போனது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, நான் கேட்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இவர் உன் வாசலில் வந்து நின்று தன் வாயால் மன்னிப்புக் கேட்கும்வரை, உன் அம்மாவை என் வீட்டுக்கு அழைக்க மாட்டேன். கண் ஆபரேஷனுக்கு வேலூருக்கு நானே கூட்டிப் போகிறேன். கூட வந்திருப்பது யார் என்று நர்ஸ் கேட்டால், என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் மகள்,
மகேஸ்வரி
ஆரணி